விடியலை வரைந்தால் அந்தி மாதிரி தெரிகிறதே, ஏன்?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தர்மபுரி பக்கம் ஒரு கிராமத்திலிருந்து கல்லூரிக்குப் போய்வரும் ஒருவர், போட்டிக்காக 'விடியல்' என்று ஒரு படம் வரைந்திருக்கிறார். பார்த்தவர்கள் இரண்டு குறை சொன்னார்களாம். இது அந்தி மாதிரி இருக்கிறது என்பது ஒன்று. விடியல் என்றால் நம்பிக்கை, இதில் ஏன் இவ்வளவு கலக்கம் என்பது இன்னொன்று. கூடவே அவர் எழுதியிருந்த வரிதான் என்னை உட்கார வைத்தது: "எங்கள் வீட்டில் விடியல் என்றால் அப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு பஸ் ஏறும் நேரம். அந்த வெளிச்சத்தைப் பார்த்தாலே எனக்கு வயிறு பிசையும். கலையில் விடியல் உண்மையில் எதற்குத்தான் அடையாளம்?"

ஆக, நீங்கள் கேட்டிருப்பது அடையாளங்களின் பட்டியல் இல்லை. எனக்குத் தோன்றியது தப்பா என்று கேட்கிறீர்கள். தப்பில்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லக் கொஞ்சம் சுற்றிவர வேண்டும். நான் கிருஷ்ணகிரி, பர்கூர் வட்டாரப் பள்ளிகளில் 31 வருடம் ஓவிய ஆசிரியராக இருந்தவன். படித்தது சென்னை கவின்கலைக் கல்லூரியில். இலக்கியம் என் பாடமில்லை, ஆசைக்குப் படித்தது. கீழே வரும் ஐரோப்பியப் படங்களையும் அச்சிலும் திரையிலும்தான் பார்த்திருக்கிறேன். விடியல் படங்களில் அச்சு நிறத்தை நம்பிப் பேசுவது ஆபத்து. அதனால் நிறத்தைப் பற்றி நான் சொல்வதை ஒரு பங்கு குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

'இயற்கைக் காட்சி வரை' என்று எந்த வகுப்பில் சொன்னாலும் நம் பிள்ளைகள் ஒரே படத்தைத்தான் வரைவார்கள். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், கீழே ஓர் ஆறு, ஓரத்தில் ஒரு தென்னை. ஆற்றைத் தவிர மற்றதெல்லாம் கிருஷ்ணகிரியில் சன்னலைத் திறந்தாலே தெரியும் என்பதால் நான் குறை சொன்னதில்லை. (தேர்தல் வந்தால் மட்டும் வேலை. பள்ளி வாக்குச்சாவடி ஆகும்போது அது கட்சிச் சின்னமாகிவிடும், சுவரிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி பீரோவில் வைக்க வேண்டும்.) மகராஜகடை பக்கத்துப் பையன் ஒருவனிடம், "இது உதயமா, அஸ்தமனமாடா?" என்று கேட்டேன். "எங்க ஊரு மலைக்கு இந்தப் பக்கம் இருந்தா உதயம் சார், அந்தப் பக்கம் இருந்தா அஸ்தமனம்" என்றான். ஆறாம் வகுப்பு. அன்றைக்கு நான் நடத்த நினைத்திருந்த பாடத்தை அவன் ஒரு வரியில் முடித்துவிட்டான்.

அசையாத படத்தால் விடியலைச் சொல்ல முடியாது. வெளிச்சம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதில்தான் விடியல் இருக்கிறது, படத்தில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. இதைப் பெரிய ஓவியர்களும் தாண்டவில்லை. 1787 செப்டம்பர் 17 அன்று அமெரிக்க அரசியலமைப்பில் கையெழுத்துப் போடும் நேரத்தில், தலைவர் நாற்காலியின் முதுகில் இருந்த பாதிச் சூரியனைக் காட்டி, கையெழுத்திட்ட தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் பேசியது குறிப்பில் இருக்கிறது. "உதிக்கும் சூரியனையும் மறையும் சூரியனையும் பிரித்துக் காட்டுவது ஓவியர்களுக்குக் கஷ்டமாகவே இருந்திருக்கிறது. இத்தனை நாள் அதைப் பார்த்துப் பார்த்து எது என்று புரியாமல் இருந்தேன். இப்போது உதயம் என்று தெரிகிறது" என்றார். நாற்காலியில் ஒரு கீறல்கூட மாறவில்லை, எதிரே நடந்த காரியம் மட்டும் முடிந்திருந்தது. ஜெர்மனியின் காஸ்பர் டேவிட் ஃபிரெட்ரிக் 1818 வாக்கில் வரைந்த படம் ஒன்று எஸ்ஸன் நகர ஃபோல்க்வாங் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதுகைக் காட்டி நிற்கும் ஒரு பெண், கை இரண்டையும் லேசாக விரித்திருக்கிறாள், எதிரே மலைக்குப் பின்னாலிருந்து கதிர்கள். அதை 'உதய சூரியன் முன் பெண்' என்றும் சொல்கிறார்கள், 'மறையும் சூரியன் முன் பெண்' என்றும் சொல்கிறார்கள். இருநூறு வருடமாக வழக்கு முடியவில்லை. உங்கள் படத்தை அந்தி என்றவர்களிடம் இதைக் காட்டலாம்.

எல்லாருக்கும் தெரிந்த விடியல் படம் பிரெஞ்சு ஓவியர் மோனே வரைந்தது. 1872இல் பிரான்சின் லெ ஆவ்ர் துறைமுகம்: மூடுபனி, இரண்டு மூன்று படகு, ஆரஞ்சு நிறத்தில் ஒரு சூரியன். 1874இல் பாரிசில் காட்சிக்கு வைத்தபோது அதன் தலைப்பில் இருந்த 'இம்ப்ரெஷன்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு லூயி லெரோய் என்ற விமர்சகர் கிண்டலடித்தார். அந்தக் கிண்டலே 'இம்ப்ரெஷனிசம்' என்று ஓர் ஓவிய இயக்கத்துக்குப் பெயராக நின்றுவிட்டது. இதுவரை உறுதி. இதே படம் 1878இல் கை மாறியபோது 'சூரிய அஸ்தமனம்' என்று குறிக்கப்பட்டிருந்தது என்பது பலருக்குத் தெரியாது. நாலே வருடத்தில் விடியல் அந்தியாகிவிட்டது! பின்னால் அலை, சூரியன் நின்ற இடம், துறைமுகத்தின் அமைப்பு எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்துக் காலைதான் என்று சொன்னார்கள். 1870-71 போரில் தோற்ற பிரான்ஸ் மறுபடி எழுவதன் அடையாளம் அந்தச் சூரியன் என்றும் சில கலை வரலாற்றாசிரியர்கள் சொல்வதுண்டு. பனிக்குள் கிரேனும் புகைபோக்கியும் இருப்பது உண்மை. அது தேசத்தின் எழுச்சியா என்பது பார்ப்பவர் ஏற்றிச் சொல்வது. எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான்.

அந்தப் படத்தை வைத்து நீங்களே செய்து பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. ஃபோனில் இறக்கி, கருப்பு வெள்ளையாக மாற்றுங்கள். சூரியன் ஏறக்குறைய காணாமல் போய்விடும். அதன் ஆரஞ்சும் சுற்றியிருக்கும் சாம்பல் வானமும் நிறத்தில்தான் வேறு, வெளிச்ச அளவில் கிட்டத்தட்ட ஒன்று. மூளையில் நிறம் பார்க்கும் வேலையும் வெளிச்சம் அளக்கும் வேலையும் தனித்தனியாக நடப்பதால், ஒன்று சூரியன் இருக்கிறது என்கிறது, மற்றது இல்லை என்கிறது. அதனால்தான் அந்தச் சூரியன் நடுங்குவது போல இருக்கிறது என்று மார்கரெட் லிவிங்ஸ்டன் என்ற நரம்பியல் அறிஞர் விளக்கியிருக்கிறார். நிச்சயமின்மையை வண்ணத்தாலேயே செய்துவிட்டார் மோனே. நம் பிள்ளைகள் சூரியனுக்குப் பளீரென்று மஞ்சள் போட்டு, சுற்றிலும் கோடு கோடாகக் கதிர் இழுப்பார்கள். அது பகல் பன்னிரண்டு மணிச் சூரியன்.

இங்கே இன்னொரு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். நிஜ விடியலில் கண்ணே பாதிதான் வேலை செய்கிறது. மங்கிய ஒளியில் சிவப்பு கறுத்துப்போகும், பச்சையும் நீலமும் வெளிறி மேலே வரும். புர்க்கின்யே என்ற செக் நாட்டு அறிஞர் 19ஆம் நூற்றாண்டில் இதைக் கவனித்து எழுதினார், அவர் பெயரிலேயே அந்த விளைவைச் சொல்கிறார்கள். ஓசூர் பக்கம் ரோஜாத் தோட்டத்துக்கு விடியுமுன் போனவர்களுக்குப் புத்தகம் தேவையில்லை. பூ கறுப்பாக நிற்கும், இலை பளிச்சென்று இருக்கும், கொஞ்ச நேரம் கழித்துத்தான் பூ பூவாகும். அந்தியில் அதுவே தலைகீழ் வரிசை. தவிர, நம் ஊரில் அந்தி வானத்தில் பகல் முழுக்க எழும்பிய புழுதியும் கிரஷர் தூசியும் நிற்கும், அதனால் செம்மை கனமாக இருக்கும். காலையில் தூசி அடங்கி, பனியோ ஈரமோ இருக்கும், நிறம் மெலிந்து நீலம் கூடும். இது பொது வழக்குதான், சட்டமில்லை. மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம் இந்தக் கணக்கையெல்லாம் பொய்யாக்கிவிடும். நாம் இருப்பது வடக்கே 12 பாகை சொச்சத்தில். சூரியன் ஏறக்குறைய நேர்குத்தாக ஏறுவதால், முகம் தெரியத் தொடங்கியதிலிருந்து சூரியன் தலை காட்டும்வரை 25 நிமிடம்கூட ஆகாது. லெ ஆவ்ர் மாதிரி வடக்கே இருக்கும் ஊரில் அரை மணிக்கு மேல் இழுக்கும். உங்கள் படத்தில் வானம் முழுக்க ஆரஞ்சு இருந்தால் அந்தி என்று சொன்னவர்களிடம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அவ்வளவுதான் அவர்களுக்கு விட்டுக்கொடுப்பேன்.

சரி, இரண்டாவது குறைக்கு வருகிறேன். விடியல் என்றால் நம்பிக்கை என்று யார் சொன்னது? நம் பேச்சே அதை முழுசாக ஒப்புக்கொள்வதில்லை. "இதுக்கு ஒரு விடிவு காலம் வராதா" என்றும் கேட்கிறோம், "நீ செஞ்சு விடிஞ்ச மாதிரிதான்" என்றும் சொல்கிறோம். கருக்கல் என்ற சொல் விடிகாலைக்கும் வரும், அந்திக்கும் வரும். விடிவெள்ளி என்று நாம் கும்பிடுகிற அதே கோள் சில மாதம் கழித்து மேற்கே அந்தி வெள்ளியாக நிற்கும்.

தொல்காப்பியம் அகத்திணைக்குப் பொழுது பிரிக்கும்போது "வைகறை விடியல் மருதம்" என்கிறது. மருதத்தின் உரிப்பொருள் ஊடல். அதாவது, தமிழ்க் கவிதை இலக்கணத்தில் விடியலுக்கு ஒதுக்கப்பட்ட உணர்ச்சி நம்பிக்கை இல்லை, சந்தேகமும் கோபமும் கலந்த ஊடல். பரத்தை வீட்டில் இரவைக் கழித்த தலைவன் திரும்பிவந்து வாசலில் நிற்கும் நேரம் அது என்று காரணம் சொல்வார்கள். தலைவியோ தோழியோ கதவைத் திறக்காமல் மறுப்பதற்கு 'வாயில் மறுத்தல்' என்று பெயரே இருக்கிறது. குறுந்தொகை 157ஐயும் தேடிப் படியுங்கள், அள்ளூர் நன்முல்லையார் பாட்டு, நாலே அடி. கோழி குக்கூ என்றதும் நெஞ்சு துணுக்கென்றதாம், ஏனென்றால் "தோள்தோய் காதலர்ப் பிரிக்கும் வாள்போல் வைகறை" வந்துவிட்டது. வாள் மாதிரி விடியல்! இந்தப் பாட்டுக்குப் பழைய கூற்றுக் குறிப்பு (யார், எந்தச் சூழலில் பேசுவது என்று சொல்லும் வரி) "பூப்பெய்திய தலைமகள் உரைத்தது" என்று இருக்கிறது, அதாவது பிரிவுக்குக் காரணம் மாதவிலக்கு. பாட்டுக்குள் அந்தச் செய்தி இல்லை, குறிப்பு சொல்வது. குறிப்பை ஏற்றாலும் விட்டாலும், விடியலைப் பார்த்து வயிறு பிசைந்த முதல் ஆள் நீங்கள் இல்லை என்பது உறுதி. பஸ்ஸுக்குப் பதில் கோழி, அவ்வளவே.

நான் சொல்ல வந்தது புறநானூறு 392. நம் ஊர்ப் பாட்டு. தகடூர் என்றால் இன்றைய தர்மபுரி. அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது. கிணைப் பறையை வைத்துக்கொண்டு பாடிப் பிழைக்கும் ஒரு கலைஞன் பேசுவதாக வரும். எழினியின் நெடிய வாசலில் வந்து நிற்கிறான். எப்போது? "பசலை நிலவின் பனிபடு விடியல்". நிலா இன்னும் போகவில்லை, வெளிறிக் கிடக்கிறது. பனி இறங்குகிறது. உடம்பில் இருப்பது ஊர்க் கிணற்றுப் பாசியின் வேர் மாதிரி நைந்த கந்தல். யானைக் காலடித் தடம் மாதிரி வட்டமான பறையைத் தட்டி, பகைவர் கோட்டையை வென்று, அந்தக் களத்தில் கழுதை பூட்டி உழுது, வரகும் கொள்ளும் விதைத்தவனே என்று பாடுகிறான். (வரகு போகட்டும், கொள்ளு இன்றைக்கும் நம் மானாவாரிக் காட்டில் இருக்கிறது. படிக்கும்போதெல்லாம் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்றுவிடுவேன்.) பிறகு கதவு திறக்கிறது. கந்தலைக் களைந்து நுண்ணிய நூலாடை உடுத்தச் சொல்கிறார்கள், தேள் கொட்டுவது போலக் கடுக்கும் பழைய கள்ளும் சாப்பாடும் வருகிறது. இப்படி வள்ளல் வாசலில் நின்று பாடும் துறைக்குக் கடைநிலை என்று பெயர். கடை என்றால் வாசல். எழினி இந்தப் பாட்டில் சொன்னபடியே கொடுத்தானா என்று வரலாறு கேட்டால் பதில் கிடையாது, புகழ்ப்பாட்டுக்கு உரிய மிகையும் இதில் இருக்கும். எனக்கு முக்கியமாகப் படுவது அவன் நிற்கும் இடமும் நேரமும்தான். பரிசு வந்தபின் சொல்கிறான், சரி. ஆனால் பறையைத் தட்டிய நேரத்தில் கதவு சாத்தியிருந்தது.

இந்தக் கண்ணோடு பார்த்தால், நம்பிக்கைப் பாட்டு என்று நாம் நினைப்பவையும் வேறு மாதிரி தெரியும். திருப்பாவையில் வெள்ளி எழுந்து வியாழம் உறங்கிவிட்டது, பறவைகள் சத்தம் போடுகின்றன, எல்லாம் விடிந்ததற்கு சாட்சி. அந்தப் பெண்கள் நிற்பதோ சாத்திய கதவின் முன்னால், "மணிக்கதவம் தாள் திறவாய்" என்று காவல்காரனைக் கெஞ்சிக்கொண்டு. திருப்பள்ளியெழுச்சி பாடுகிறவன் நிற்பதும் நடை திறக்காத சன்னதியின் வெளியே. அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு பாரதி "பொழுது புலர்ந்தது" என்று பாரத மாதாவுக்குப் பாடினார். 1921இல் இறந்துவிட்டார். 1947 இன்னும் 26 வருடம் தள்ளி இருந்தது. விடிந்துவிட்டது என்று அவர் சொன்னது நிலவரம் இல்லை, கதவைத் தட்டுவது. வடமொழியில் விடியல் தெய்வமான உஷஸுக்கான ரிக் வேதப் பாடல்கள் இன்னும் பழையவை, அதைப் பற்றிப் பேசும் அளவுக்கு எனக்குப் படிப்பில்லை.

நம் வட்டாரத்தில் இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பாரதக் கூத்துக்குப் போங்கள். பதினெட்டாம் போர் ராத்திரி முழுக்க ஆடி, காலையில் படுகளம். ஊர்ப் பொட்டலில் மண்ணால் துரியோதனனைப் பெரிதாகப் படுக்கவைத்திருப்பார்கள். தொடையைப் பிளந்தபிறகு, இத்தனை நாள் விரித்த கூந்தலைத் திரௌபதி முடிவாள். விடிய விடிய ராமாயணம் கேட்டு சீதைக்கு ராமன் சித்தப்பா என்கிற ரகத்துக் கூட்டமும் அப்போது எழுந்து உட்கார்ந்துவிடும். சபதம் முடிந்த விடியல் அது, நம்பிக்கை பலித்த விடியல். பக்கத்தில் போய் நடிகர் முகத்தைப் பாருங்கள். ராத்திரி விளக்கில் ராஜாவாக இருந்தவரின் அரிதாரம் வேர்வையில் வழிந்து, கன்னத்தில் மயிர்க்கால் தெரிகிறது, கண் சிவந்திருக்கிறது. கிரீடத்துக் கண்ணாடித் துண்டு வெறும் கண்ணாடித் துண்டாகிவிட்டது. நான் ஸ்கெட்ச் புத்தகத்தோடு எத்தனையோ படுகளம் பார்த்திருக்கிறேன், துரியோதனன் வேஷக்காரர் எழுந்து வேட்டியை உதறும் அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் ஒருமுறைகூட ஒழுங்காக வரைய முடிந்ததில்லை.

கல்லில் வரும் சூரியனையும் விடியலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நடுகற்கள் சிலவற்றின் தலைப்பகுதியில் சூரியனும் பிறையும் செதுக்கியிருக்கும், அது 'சூரிய சந்திரர் உள்ளவரை' என்பதன் படம். அது உதிக்கவும் இல்லை, மறையவும் இல்லை. நிலைத்து நிற்பதற்கான சாட்சி. பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் பலவற்றில் இடுதுளை (கல்லறைப் பலகைக் கல்லில் போட்ட துளை) கிழக்குப் பார்த்து இருப்பதை வைத்து, மறுபிறப்பு, உதயம் என்றெல்லாம் சிலர் எழுதுவார்கள். துளை இருப்பது உண்மை. அதை வைத்தவர் மனதில் என்ன இருந்தது என்பதற்கு எழுத்துச் சான்று ஏதும் இல்லை.

வெளிநாட்டிலிருந்து இன்னும் இரண்டு மட்டும். ஃப்ளாரன்ஸில் மெடிசி குடும்பக் கல்லறை மண்டபத்துக்கு மைக்கேலாஞ்சலோ 1520களில் செய்த 'விடியல்' சிலை ஒரு பெண். படுத்திருந்தவள் எழுகிறாள். முகத்தில் சந்தோஷம் துளியும் இல்லை. ஏன்டா எழுப்பினீர்கள் என்பது போல வலி. வான்கோவின் 'நட்சத்திர இரவு' உண்மையில் விடியலுக்கு முந்தைய வானம். 1889இல் மனநல விடுதியில் இருந்தபோது, கிழக்குப் பார்த்த சன்னலிலிருந்து சூரியோதயத்துக்கு வெகு நேரம் முன்பே விடிவெள்ளி மட்டும் மிகப் பெரிதாகத் தெரிந்ததாகத் தம்பி தியோவுக்கு எழுதியிருக்கிறார். அந்தச் சன்னலில் கம்பி இருந்தது, படத்தில் இல்லை. கம்பியை எடுத்ததுதான் அந்தப் படத்தில் இருக்கும் நம்பிக்கை என்று எனக்குத் தோன்றும். இது என் ஊகம், வகுப்பில் சொல்லியிருக்கிறேன், தேர்வில் எழுதாதீர்கள்.

உங்கள் படத்தை நான் பார்க்கவில்லை. நீங்கள் சொன்னதிலிருந்து, வானமும் மலையும் ஒரு மண் ரோடும் இருக்கிறது என்று புரிந்துகொண்டேன். வானத்தை வைத்து விடியலைச் சொல்லப் பார்த்தால் எப்படியும் அந்தி என்று ஒருவர் சொல்வார், அதை விட்டுவிடுங்கள். யார் எந்த வாசலில் நிற்கிறார் என்பதைப் போடுங்கள். ஆரஞ்சைப் பாதிக்கு மேல் எடுத்துவிடலாம். வீட்டுக்குள் எரியும் பல்பின் மஞ்சளும் வெளியே வானத்தின் நீலமும் ஒரே வெளிச்ச அளவில் இருக்கும் ஒரு கணம் உண்டு, நம் ஊரில் ஐந்து நிமிடம் இருக்கும், அதைப் பிடிக்கப் பாருங்கள். முடிந்தபின் கருப்பு வெள்ளையில் ஒரு ஃபோட்டோ எடுத்துச் சரிபாருங்கள். வாசலில் தெளித்த தண்ணீர் காய்ந்திருக்கிறதா ஈரமாக இருக்கிறதா என்பதிலேயே காலை எது மாலை எது என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்துவிடும், தலைப்பே தேவைப்படாது. அப்புறம் ஒன்று கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்: அப்பா பஸ்ஸுக்குப் போனபிறகு உங்கள் வீட்டுக் கதவைத் தாழ் போடுகிறார்களா, சும்மா சாத்தி வைக்கிறார்களா?